அறுபது வேஷக்காரன்

"சின்னம்மை ஒரு தரம் வந்தால் மறுபடி வராது என்றீர்களே, ஸார்! மலேரியா மட்டும் எங்கள் சித்தப்பாவை ஏன் மூன்று தரம் பிடித்தது?"

கேட்டவன் கனகசெட்டிக்குளத்து மீன்பிடிக் குடும்பத்துப் பையன். சித்தப்பா ஒடிஸாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் வருகிறவர். நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மலேரியாக் கிருமியை 1880-ல் அல்ஜீரியாவில் முதன்முதல் கண்டவர் லாவெரான் என்னும் பிரெஞ்சு ராணுவ வைத்தியர். காலராக் கிருமியோடு இதைச் சேர்த்து எண்ணலாகாது. ஒரே அணுவாலான ஜந்துவானாலும், நம் உடலின் அணுக்களைப் போலவே இதற்கும் உட்கரு உண்டு. கொடிய வகையான பால்ஸிபாரத்தின் மரபு ஏட்டை 2002-ல் முழுவதும் படித்தார்கள். 14 குரோமோஸோம்கள், ஏறக்குறைய 5,300 ஜீன்கள்.

அவற்றுள் சுமார் 60 ஜீன்கள் செய்யும் காரியமே விசித்திரமானது. ரத்த அணுவுக்குள் குடிபுகுந்த கிருமி, அதன் மேற்புறத்தில் ஒரு புரதத்தை நாட்டுகிறது. அதைக் கொண்டு ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு, மண்ணீரலில் சிக்காமல் தப்புகிறது. அறுபதில் ஒன்றுதான் ஒரு சமயத்தில் பேசும், மற்றவை மௌனம். உடல் அந்தப் புரதத்தை இனம் கண்டு எதிர்ப்புப் பொருளைத் தயாரிப்பதற்குள், கூட்டத்தில் சில கிருமிகள் வேறொரு ஜீனைத் திறந்துவிடுகின்றன. நம்மூர்த் தெருக்கூத்தில் திரைக்குப் பின் போனவர் வேறு கிரீடத்தோடு வருவதில்லையா? ஆள் அவரேதான்! ஜீன்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பேசுவது எது என்பதே மாறியது. போதாக்குறைக்கு, அடுத்த தரம் கொசு கொண்டுவரும் கிருமியின் பெட்டியில் வேறு அறுபது வேஷங்கள் இருக்கக்கூடும்.

எழுத்தே மாறுவதும் உண்டு, அதுதான் பரிணாமம். குளோரோக்வினை வெளியே தள்ளும்படி ஒரு ஜீன் மாறிய கிருமிகள் பிழைத்துப் பெருகின. இந்தியாவில் இம்மருந்துக்கு அடங்காத பால்ஸிபாரம் முதலில் தெரியவந்தது 1973-ல், அஸ்ஸாமின் கார்பி மலைப் பகுதியில். 2010-ல் சர்க்கார், பால்ஸிபாரத்துக்கு நாடெங்கும் ஆர்டிமிஸினின் கூட்டு மருந்தையே விதித்தது. அதற்குள் கம்போடியாவில் அதையும் சமாளிக்கும் கிருமிகள் தலைகாட்டிவிட்டன. அரைகுறையாக மருந்துண்டால், பலசாலிக் கிருமிகளை நாமே பொறுக்கி எடுத்து வளர்த்ததாகும்.

மறுநாள் இதையெல்லாம் சொன்னபோது பையன் தலையைச் சொறிந்தான். சித்தப்பா மூன்று நாள் மாத்திரையை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாராம். மிச்சம் அரிசிப் பானைக்குப் பின்னால், அடுத்த தடவைக்கென்று பத்திரமாக இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன்.