தாத்தா காருக்குப் புது பெயின்ட் அடிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

பெருங்களத்தூர்ல ஊருக்குப் போற பஸ்ஸுக்காக மணிக்கணக்கா நின்ன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஜி.எஸ்.டி ரோட்டை ஒட்டி கண்ணாடிக் கட்டடங்களோட நிற்கும் ஐ.டி. வளாகத்தையும் பார்த்திருப்பீங்க. அந்த இடத்தில் ஒரு காலத்தில் கார் தயாரிச்சாங்க என்று சொன்னால் நம்புவீர்களா?

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வண்டலூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் இயங்கிய கம்பெனி. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1972 முதல் 1977 வரை கெஸல் என்று அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவில் அழகான சின்ன கார்களைக் கொடுத்தது. பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறக்கும் அந்த ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. 1980களின் கடைசியில் கம்பெனி மூடப்பட்டது.

அந்தப் பழங்கதை இப்போ எதுக்கு? காரணம், 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் வாகன விதி. 50 வயதைத் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'வி.ஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும்தான். கணக்கு போட்டுப் பாருங்க. ஹெரால்டு எல்லாமே 50-ஐத் தாண்டியாச்சு. கடைசி கெஸலும் 2027-ல் தாண்டிவிடும். சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ ஷெட்டுக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் வண்டிக்கு திடீர்னு மரியாதை வருது.

மரியாதை வந்ததும் நாம செய்ற முதல் வேலை என்ன? பட்டறைக்கு இழுத்துட்டுப் போய், மொத்தமா சுரண்டி, பட்டி பார்த்து, பளபளன்னு ஒரு சிவப்பு அடிக்கிறது. இன்ஸ்டாவில் லைக்ஸ் அள்ளும். ஆனா, வண்டியோட ஒரிஜினல் கலர் என்ன என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அன்னிக்கு உப்புத்தாளோட போயிடும்.

கலருக்கு இவ்வளவு பில்டப்பா என்று நினைக்கலாம். அமெரிக்காவைப் பாருங்க. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் அங்கே 'மஸில் கார்' என்ற முரட்டு இன்ஜின் கார்கள் ஓடின. டாட்ஜ் 'பிளம் கிரேஸி' என்று ஊதாவையும் 'பேந்தர் பிங்க்' என்று ரோஸையும் கேட்லாக்கிலேயே வைத்தது. அது போதாதவர்கள் கேட்லாக்கில் இல்லாத கலரை ஃபேக்டரியிலேயே அடிச்சுத் தரச் சொல்லி ஆர்டர் கொடுத்தார்கள். அப்படி வந்த கிரைஸ்லர் கார்களின் தகட்டில் பெயின்ட் கோடு '999' என்று இருக்கும். ஃபோர்டில் இன்னும் சுவாரஸ்யம்: மஸ்டாங் கதவுத் தகட்டில் கலர் கோடு போடவேண்டிய கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவார்கள். இன்னிக்கு சேகரிப்பாளர்கள் அந்தக் காலிக் கட்டத்தைத்தான் தேடி அலைகிறார்கள். ஃபோர்டின் பழைய தயாரிப்புப் பதிவுகளை வைத்து 'ஆமாம், இது ஃபேக்டரி கலர்தான்' என்று உறுதி செய்யவும் அங்கே வழி இருக்கு. அதே நிறத்தை நேத்து பட்டறையில் அடிச்சிருந்தால் அந்த மதிப்பு கிடையாது. அவங்க காசு கொடுக்கிறது பெயின்ட்டுக்கு இல்லை, அத்தாட்சிக்கு.

நம்ம கதை இதுக்கு நேர் எதிர். கேட்டு வாங்க பெருங்களத்தூரில் ஃபேக்டரியே இல்லை. கையில் மிஞ்சுவது ஆர்.சி. புக்கும் வண்டியின் உடம்பும்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தப்போ எத்தனை குடும்பங்களின் பழைய காகிதங்கள் கூழாச்சோ! அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் காருக்கு அதன் பெயின்ட்தான் பிறப்புச் சான்றிதழ்.

கம்பெனி 'இதுதான் அபூர்வக் கலர்' என்று சொல்லி விற்றால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2018-ல் ராயல் என்ஃபீல்டு 'கிளாசிக் 500 பெகாசஸ்' விட்டது ஞாபகம் இருக்கா? இரண்டாம் உலகப் போர் நினைவாக உலகத்துக்கே 1,000 வண்டி, இந்தியாவுக்கு 250. டேங்கில் வரிசை எண். வெளிநாட்டில் ஆலிவ் பச்சையும் கிடைத்தது. இங்கே பிரவுன் மட்டும்தான். ஏன்னா, 1989-ம் வருட மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டுமே சொந்தம். (மிலிட்டரி கலர் புல்லட் கனவில் இருக்கிறவங்க குறிச்சுக்கோங்க.) 250 வண்டியும் மூணே நிமிஷத்துக்குள் காலி. அடுத்த மாசமே ஏறக்குறைய அதே தோற்றத்தில், ஏ.பி.எஸ் வசதியோட, குறைஞ்ச விலையில் 'கிளாசிக் 350 சிக்னல்ஸ்' வந்தது. கடுப்பான சிலர் பெகாசஸில் குப்பை அள்ளிப் போராட்டமே நடத்தினாங்க. வண்டி கெட்டுப்போகலை, எண்ணிக்கையும் 250-ஐத் தாண்டலை. அபூர்வம் என்ற நம்பிக்கைதான் உடைஞ்சது. உங்க தாத்தா ஹெரால்டுக்கு அந்தப் பயம் இல்லை பாஸ். அதை இனிமே யாரும் தயாரிக்கப் போறதில்லை.

அதுக்காகத் துருப்பிடிச்ச வண்டியை அப்படியே வைக்கணும்னு சொல்லலை. நம்ம ஊர் ஈரக்காற்றில் பெயின்ட் உரிஞ்ச தகரம் ரொம்ப நாள் தாங்காது. அடிக்கத்தான் வேணும். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்க. டேஷ்போர்டுக்கு அடியில், கதவு உள்பக்க அட்டைக்குப் பின்னால், டிக்கி மேட்டுக்குக் கீழே, ரப்பர் பீடிங்கைத் தூக்கி என்று வெயில் படாத இடமா டார்ச் அடிச்சுப் பாருங்க. வெளியே வெளுத்துப்போன நிறம் அங்கே அப்படியே இருக்கலாம். மேலே இரண்டு, மூன்று முறை அடிச்சிருந்தால், மறைவான ஒரு மூலையில் நைஸான உப்புத்தாளால் காசு அளவுக்கு மட்டும் தேய்ச்சா ஒவ்வொரு கலரும் வளையம் வளையமா வரும். கடைசி வளையத்தில் பிரைமர். அதுக்கு முந்தினது பெரும்பாலும் ஃபேக்டரி கலர்.

அதை பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்க. ஆர்.சி-யில் கலர் என்ன போட்டிருக்குன்னு ஒப்பிட்டுப் பாருங்க. வேறு நிறம்தான் வேணும்னு முடிவு பண்ணினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி-யிலும் மாத்தணும். பெயின்ட்டர் அண்ணன்கிட்டேயும் கறாரா ஒண்ணு சொல்லிடுங்க: "டேஷ்போர்டுக்கு அடியில் மட்டும் கை வைக்காதீங்கண்ணே." 'உள்ளேயும் அடிச்சாத்தான் ஃபினிஷிங் வரும் தம்பி' என்பார். விட்டுக்கொடுக்காதீங்க.