எங்கள் வீட்டு ராசாத்தி

வண்டிக்குப் பேர் வைப்பது கிறுக்குத்தனமாம். என் நண்பன் சொல்கிறான். "அதென்ன ஆடா, மாடா?" என்று கேள்வி வேறு. அவன் வீட்டில் ஓடிய பஜாஜ் சேத்தக், மகாராணா பிரதாப்பின் குதிரை பேர்தானே? கம்பெனி வைத்தால் பிராண்டு, நாம் வைத்தால் கிறுக்கா? என்ன நியாயம் சாமி இது :-)

எங்கள் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு அப்பா வைத்த பேர் ராசாத்தி. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, "கிளம்பு தாயி" என்று சொல்லித்தான் தினமும் மிதிப்பார். அந்தப் பால் காசில்தான் நான் பி.காம். படிக்கிறேன்.

போன வருஷம், இதைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம். 20,000 ரூபாய் வண்டி முதல் வருஷம் 17,000, அடுத்து 14,450... இப்படியே குறையும்.

"கடைசியில பூஜ்யம் ஆயிடுமா?" என்றார்.

ஆகாது. குறைந்து செல் மதிப்பு முறையில் எத்தனை வருஷம் போனாலும் பூஜ்யம் வராது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

"அப்ப இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

பாசத்துக்காக பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டச் சொல்லவில்லை. ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க அப்பா ஒருநாளும் மறந்ததில்லை. பேரில்லாத என் நண்பனின் பைக்கோ, செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் கத்துகிறது. பேர் வைத்துவிட்டால் கவனிக்காமல் இருக்க மனசு வராது, அவ்வளவுதான்.

உங்கள் வண்டிக்கு என்ன பேர்?