எழுத்தைக் கூட்டிச் சொல்லைத் தேடல்

ஆங்கில எழுத்துக்கள் சிலவற்றைக் கரும்பலகையில் எழுதி, இவற்றைக்கொண்டு அமையும் மிக நீண்ட சொல் யாதென மாணவரை வினாவும் விளையாட்டு யாவரும் அறிந்ததே. பரீட்சைக்கு உதவாத வீண் பொழுதுபோக்கு என்பர் ஒரு சாரார். ஆங்கில வகுப்பின் விளையாட்டிலே தமிழாசிரியருக்கு என்ன அலுவல் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரோடும் நாம் உடன்படேம்.

எமது நகராகிய நுவரெலியாவின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதினால் பதினோரெழுத்து: 'என்', 'யூ', 'டபிள்யூ', 'ஏ', 'ஆர்', 'ஏ', 'ஈ', 'எல்', 'ஐ', 'வை', 'ஏ'. தேடத் தெரியாத மாணவன் 'ரன்', 'லைன்', 'ரெயின்' என்று மூன்றெழுத்தும் நான்கெழுத்துமாகப் பொறுக்கிக்கொண்டிருப்பான். தேடத் தெரிந்தவனோ முதலிற் சொல்லின் வாலைப் பிடிப்பான். 'எல்'லும் 'வை'யும் உள. ஆகவே 'லி' என்னும் வினையடை விகுதி கிடைத்தது. பின்னர்த் தலையை நோக்குவான். 'யூ'வும் 'என்'னும் உள. எதிர்மறை முன்னொட்டாகிய 'அன்' கிடைத்தது. நடுவே 'டபிள்யூ', 'ஏ', 'ஆர்', 'ஐ' என்பவற்றை நிறுத்த, 'அன்வேரிலி' என்னும் எட்டெழுத்துச் சொல் பிறக்கும். விழிப்பின்றி என்பது அதன் பொருள். 'வேரி' என்னும் அடிச்சொல்லின் ஈற்று 'வை', விகுதி வந்து சேருமிடத்து 'ஐ'யாகத் திரிந்தது காண்க. பகுதி, விகுதி, விகாரம் என்று பதவியலிலே பயின்ற பிள்ளைக்கு இது புதிதன்று. இவ்விளையாட்டைத் தமிழாசிரியர் பொருட்படுத்துதற்கு இஃதொன்றே போதும். 'வியரிலி' என்னும் ஏழெழுத்துச் சொல்லும் அப்பதினொன்றனுள் அடங்கும். களைப்போடு என்பது அதன் பொருள். நாள்முழுதும் கொழுந்து பறித்து மேட்டு லயத்துக்கு ஏறுவோர் நடையை நகரின் பெயரே கூறிவிட்டது!

'எஸ்டேட்' என்னும் சொல்லோ இன்னும் கூர்மையானது. ஆறெழுத்துக்குள்ளே தேநீரைக் குறிக்கும் 'டீ' உண்டு. சுவையைக் குறிக்கும் 'டேஸ்ட்' உண்டு. முதலெழுத்தை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சுவது 'ஸ்டேட்', அஃதாவது அரசு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர் எம்மவரே. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இன் ஒப்பந்தம் பாதிபாதியாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சட்டமொன்று வேண்டியிருந்தது. ஓரெழுத்தை நீக்கக் கண்ட 'ஸ்டேட்'டை எம்மக்கள் அடைய அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இன்றும் தந்தை பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் அடையாள அட்டையில் வேறொருவாறும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருத்தலால் அலைவோர் தோட்டந்தோறும் உளர். 'எச்' என்னும் ஓரெழுத்துக் கூடினமையாலே ஒருநாட் சம்பளத்தை இழந்து கந்தோர் வாயிலிலே நிற்கின்றனர். எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கம் எம்பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது அழகுக்காக அன்று.

இத்தகைய எழுத்தாடல் தமிழுக்கு அயலானதுமன்று. ஓரெழுத்தை நீக்க வேறொரு சொல்லாதலை அக்கரச்சுதகம் என்றும், ஓரெழுத்தைக் கூட்டக் கூட்டச் சொல் வளர்தலை எழுத்துவருத்தனம் என்றும் எம் அணிநூலார் சித்திரகவி வகையுள் வைத்தனர். முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாக அமையும் மாலைமாற்றிலே திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடினார். இதழ் குவிந்தும் ஒட்டியும் பிறக்கும் எழுத்துக்களை விலக்கிச் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி இயற்றினார். இன்ன எழுத்தே வரவேண்டும், இன்னது வரலாகாது என்ற தளையோடு சொல்லைத் தேடினோர் அவர்கள். அத்தேட்டத்துக்குக் கருவி நிகண்டு. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி சொற்களை எதுகை முறையால், இரண்டாமெழுத்து நோக்கி அடுக்கியிருத்தலை அறிந்தோர் அறிவர். நாவலர் பெருமான் தொடக்கத்திலேயே, 1849இல், அச்சேற்றியதும் அந்நிகண்டின் உரையன்றோ!

ஆயினும் எமக்கு இவ்விளையாட்டின்மீது ஓர் ஐயமும் உண்டு.

ஸ்கிராபிள் எனப்படும் சொல்லாட்டப் பலகையைப் பலரும் கண்டிருப்பர். ஆல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் 1930களின் பொருளாதார மந்தத்திலே வேலையிழந்திருந்தபோது, பத்திரிகைப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்துணை முறை வருகின்றதென எண்ணிப் பார்த்து அதனை வகுத்தார். 1948இல் ஜேம்ஸ் புரூனோ அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். நூறு கட்டைகளுள் 'ஈ' பன்னிரண்டு. 'கியூ'வும் 'இசட்'டும் ஒவ்வொன்றே, பெறுமதியோ பத்துப் பத்துப் புள்ளி. அவ்வாட்டத்திலே 2015ஆம் ஆண்டு விந்தையொன்று நிகழ்ந்தது. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்னும் நியூசிலாந்துக்காரர், பிரெஞ்சு மொழியிற் பேசத் தெரியாதவராயிருந்தும், அகராதிச் சொற்களை மனத்திலிருத்தி, அம்மொழிக்குரிய உலகப் போட்டியில் வெற்றி பெற்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அங்ஙனமே வென்றார். அவர்தம் நினைவாற்றலை நாம் வியக்கின்றோம். ஆனால் எம் மாணவருக்கு அதனை வழியாகக் காட்ட மாட்டோம். திண்ணைப் பள்ளிப் பிள்ளையும் மனனமே செய்தான். அவன் நிகண்டிலே மனனஞ் செய்தது சொல்லோடு பொருளையும். பொருளின்றி எழுத்துக்கோவையை மட்டும் விழுங்குவது பரீட்சைக்கு விடைத்தாளை உருப்போடும் எமது பழைய நோயின் வேறொரு வடிவே.

நீளமும் மயக்குந் தன்மையது. ஆங்கில அகராதிகளிலே நாற்பத்தைந்து எழுத்துடைய நோய்ப்பெயர் ஒன்று உண்டு. நுண்ணிய மணற்றூசை உட்கொள்வதால் நுரையீரலில் வரும் நோய் அது. அச்சொல்லை ஆக்கியோர் மருத்துவர் அல்லர். மிக நீண்ட சொல் ஒன்று வேண்டுமென்று 1935இல் அமெரிக்கப் புதிர்ச்சங்கத்தார் ஆக்கியது. மருத்துவர் 'சிலிகோசிஸ்' என்று சுருங்கச் சொல்லிச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவர். விண்ணப்பக் கடிதத்திலே ஒரு வரிக்கு ஒரு நெடுஞ்சொல் செருகினால் வேலை கிடைக்குமென நம்பும் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டு திருத்தம். கண்ட சொல்லுக்குப் பொருள் கூறி, அதனை வாக்கியத்திலும் அமைத்துக் காட்டினாலன்றிப் புள்ளி வழங்கலாகாது. ஆறெழுத்துச் சொல்லை ஆளத் தெரிந்தவன், எட்டெழுத்துச் சொல்லை உச்சரிக்க மட்டும் தெரிந்தவனுக்கு முன்னே நிற்கட்டும். மற்றையது, ஆங்கிலப் பலகைக்கு அருகே தமிழ்ப் பலகையும் இருத்தல் வேண்டும்.

தமிழிலே விதி வகுத்தல் சற்றுக் கடினம் என்பதை ஒப்புகின்றோம். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து. எமக்கு இருநூற்று நாற்பத்தேழு. வேற்றுமையுருபும் விகுதியும் சேரச் சேரச் சொல் நீண்டுகொண்டே போகுமாதலின், மிக நீண்ட சொல் எதுவென்ற வினா எம்மொழியிற் பொருளற்றது. உருபேலாத பெயரும் வினைப்பகுதியுமே கொள்ளப்படும் என வரையறுத்தல் வேண்டும். உயிர்மெய்யைப் பிரிக்கலாமா என்பது அடுத்த வினா. பிரித்தால் 'தேயிலை'யிலிருந்து இலை, தேய், தை என்பன வரும். பிரிக்காவிடின் ஒன்றும் தேறாது. கீழ்வகுப்பாருக்குப் பிரியாமையும் மேல்வகுப்பாருக்குப் பிரித்தலும் பொருந்துமென்பது எம் கருத்து.

பிரியாமலே பெருஞ்செல்வம் தரும் சொற்களும் உள. 'மலையகம்' என எழுதுக, எழுத்து ஐந்து. 'லை' ஒன்றை விட்டால் 'யமகம்' வரும். மடக்கணியின் மறுபெயர் அது. ஐந்தையும் இடம்மாற்றி அடுக்கினால் 'கலைமயம்' வரும். ஓரெழுத்துங் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் கலைமயம் என்பது ஒருசொல்லா இருசொல்லா என்று ஆங்கில ஆசிரியர் தடை எழுப்புகின்றார். தொகைநிலை ஒருசொன்னீர்மைத்து என்று நாம் இலக்கணங் காட்டினோம். அவர் இன்னும் இணங்கினாரல்லர்.