எங்கள் கை சும்மா இல்லை

போன மார்கழியில் ஒரு போன் வந்தது. ஒரகடத்தைச் சுற்றியிருக்கும் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்பவர். பெண்கள் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாராம்.

"மேடம், உங்க குரூப்ல சும்மாவே குரோஷே போட்டுக் குடுக்குறீங்கன்னு சொன்னாங்க. நம்ம ஹாஸ்டல்ல 200 பொண்ணுங்க. பனியில கஷ்டப்படுறாங்க. ஆளுக்கு ஒரு போர்வை போட்டுக் குடுத்தா புண்ணியமா போகும். பொங்கலுக்கு ஒரு ஃபங்ஷன் வெச்சு, உங்களையும் மேடையில உக்கார வெச்சு, போட்டோ எடுத்துப் போட்டுடலாம்."

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் குழுவில் ஏழு பேர். ஞாயிறு மதியம் ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காருவோம். அந்த ஞாயிறு ஊசி ஓடவில்லை, சண்டைதான் ஓடியது. "கேட்டு வந்தவங்களை இல்லைன்னு அனுப்பலாமா? அப்புறம் நாம எதுக்கு ஊசியைத் தொடறோம்?" என்று எங்களில் மூத்த அக்கா கேட்டார். அதோடு வருவதையும் நிறுத்திக்கொண்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை அன்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். அவருக்கு மட்டுமில்லை, ரீல்ஸ் பார்த்து ஊசி எடுத்து, முதல் சதுரம் முடித்ததுமே "இதை யாருக்காவது கொடுக்கணும்" என்று மனசு இளகும் எல்லோருக்கும்.

முதலில் கணக்கு. ஒற்றைக் கட்டில் போர்வை ஒன்று போட எனக்கு 50 மணி நேரம் ஆகும். 200 போர்வைக்கு 10,000 மணி நேரம். ஏழு பேரும் தினம் இரண்டு மணி நேரம், ஒரு நாள் லீவு இல்லாமல் போட்டால் 714 நாள். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. நூல் மட்டும் ஒரு போர்வைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கடைத்தெருவில் 400 ரூபாய்க்கு நல்ல போர்வை கிடைக்கிறது. 200க்கு 80,000 ரூபாய். ஒரே மதியத்தில் வண்டியில் ஏற்றி விடுதி வாசலில் இறக்கிவிடலாம்.

80,000 ரூபாயில் முடிகிற காரியத்துக்கு 10,000 மணி நேர உழைப்பை ஒருவர் கூச்சமில்லாமல் கேட்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த மணி நேரத்துக்கு விலை ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

அதுவும் எந்த ஊரில்? இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் காரும் லாரியும் டயரும், வல்லம் வடகாலில் மோட்டார் பைக், சுங்குவார்சத்திரத்தில் போன். எல்லாம் நொடிக்கணக்கில் ஓடும் ஊர் இது. நானும் மூன்று வருடம் லைனில் நின்றவள்தான். ஒரு ஸ்க்ரூவுக்கு எத்தனை நொடி என்று சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று அளப்பார். பாத்ரூம் போய் வந்தால் அதுவும் கணக்கு. அதே பெண் கேட்டைத் தாண்டி வெளியே வந்து ஊசியைக் கையில் எடுத்ததும், அவள் நேரம் ஊர்ப் பொதுக்கிணறு ஆகிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் வாளி விடலாம்.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஆந்திராவில் மேற்கு கோதாவரிப் பக்கம் நரசாபுரம். அங்கே வீடுவீடாகப் பெண்கள் குரோஷே லேஸ் போடுவார்கள், அது கப்பலேறி வெளிநாடு போகும். மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்தப் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1982இல் வந்தது. ஏற்றுமதிக்காக நாள் முழுக்க உழைத்த பெண்களை எல்லோரும் "வீட்டில் இருப்பவர்கள்" என்றார்கள், அவர்கள் செய்ததை "ஓய்வு நேர வேலை" என்றார்கள். அந்தப் பெயர் நிலைத்ததால் கூலி அடிமட்டத்திலேயே நின்றது. வியாபாரிக்கு அந்தப் பெயர் வசதியாக இருந்தது. பொழுதுபோக்கு, சேவை, புண்ணியம் என்று எங்களுக்குச் சொல்லும் பெயர்களும் யாருக்கு வசதி என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டாமா?

இன்னொரு விஷயம். நிட்டிங்கை இயந்திரம் செய்துவிடும். நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டே திருப்பூரில் இயந்திரம் பின்னிய துணியாகத்தான் இருக்கும். குரோஷேயை அசலாகப் போடும் இயந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. மாலில் 900 ரூபாய்க்குத் தொங்கும் குரோஷே டாப்பைப் பார்த்தால் அதற்குப் பின்னால் கட்டாயம் ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, விடுதிப் பெண்களுக்கு நிஜமாகவே குளிர்ந்தால்? அந்தக் கேள்வி என்னையும் தூங்கவிடவில்லை. அங்கே இருக்கும் ஒரு பெண்ணைத் தெரியும், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். பஸ் ஸ்டாப்பில் பிடித்துக் கேட்டேன்.

"போர்வையா? ஊர்லேர்ந்து அம்மா குடுத்தது இருக்குக்கா. எங்க ரூம்ல பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நிக்கணும். நைட் ஷிப்ட் முடிச்சு வந்து நிக்க முடியலக்கா. அதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

ஒரு தாழ்ப்பாளின் விலை நூறு ரூபாய்கூட இருக்காது. எங்கள் 200 போர்வை அந்தக் கதவை மூடியிருக்காது. ஆனால் மேடையில் அழகாகத் தொங்கி, தாழ்ப்பாளைப் பற்றி யாரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். தர்மம் இப்படியும் வேலை செய்யும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம் என்று எழுதி வைத்தது. புண்ணியம் தேடச் சொல்லவில்லை, கடமை என்றது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கச் சொல்கிறது. ஆனால் சொந்த ஊழியர்களுக்குச் செய்வது அந்தக் கணக்கில் சேராது. சரியான விதிதான். வேலை செய்பவருக்குக் கட்டிலும் போர்வையும் கொடுத்துவிட்டு அதைத் தானம் என்று எழுதக் கூடாது. எங்களை மாதிரி ஏழு பெண்கள் சும்மா போட்டுக் கொடுத்துவிட்டாலோ, கம்பெனி, கான்ட்ராக்டர் யார் கணக்கிலும் அது செலவாக வராது. போட்டோவில் மட்டும் வரும்.

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலருக்கு உடம்பு கெட்டு, போன் தொழிற்சாலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரிக் குளிரில் உட்கார்ந்தார்களே, அவர்கள் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய். அதாவது செய்ய வேண்டியவர்கள் செய்ய நினைத்தால் பணத்துக்குப் பஞ்சம் இல்லை. அங்கே எங்கள் ஊசிக்கு என்ன வேலை?

"கையால் போட்டதில் அன்பு இருக்கிறது, கடைப் போர்வையில் அது உண்டா?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஊசி பிடித்த முதல் வருடம், ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆறு போர்வை கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்ரிலிக் நூல், சித்திரை மாதம். மூன்று மாதம் கழித்துப் போனபோது ஒன்று வாசலில் கால் மிதியாகக் கிடந்தது. அன்று ரொம்ப அழுதேன். இப்போது யோசித்தால் அந்தப் பாட்டிமேல் தப்பே இல்லை. அந்த வெயிலில் அந்த நூலுக்கு அதுதான் சரியான உபயோகம். நான் எனக்குப் பிடித்ததைப் போட்டேன், எனக்குத் தோன்றியபோது கொடுத்தேன். வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது என் பைத்தியம் மட்டும் இல்லை, உலகப் பைத்தியம். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில், கடலில் கொட்டிய எண்ணெயில் மாட்டும் குட்டிப் பென்குயின்களுக்குச் சின்ன ஸ்வெட்டர் போட்டுவிடுவார்கள், அலகால் கோதி எண்ணெயை விழுங்காமல் இருக்க. 2014இல் அந்தச் செய்தி இணையத்தில் பரவ, உலகம் முழுவதிலிருந்தும் ஸ்வெட்டர்கள் குவிந்தன. தேவைக்கு மேல் வந்ததைப் பென்குயின் பொம்மைகளுக்கு மாட்டினார்கள். சென்னையில் 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவின் பெண்கள் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் ஊசி வாங்கினேன், நன்றி மறக்க மாட்டேன். அந்தப் போர்வைகள் பிறகு தானமாகத்தான் போயின. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை என் நினைவில் நிற்பது சதுர மீட்டர்தான். போர்த்திக்கொண்ட ஒருவரின் முகம்கூட என் மனதில் இல்லை. எண்ணிக்கைக்கு அந்தக் குணம் உண்டு. லைனில் இருந்தபோது டார்கெட் போர்டைப் பார்த்துப் பார்த்து அதை நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

அப்படியென்றால் ஊசியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. காசு கொடுத்தால் உடனே கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கட்டும், யாருடைய கடமையோ அவர்கள். கடையில் கிடைக்காததை, ஒருவர் உடம்பின் அளவு தெரிந்தால்தான் செய்ய முடிவதை நாம் போடுவோம்.

மார்பகப் புற்றுநோயில் அறுவை முடிந்த பெண்ணுக்குச் சிலிக்கான் மார்பகம் இருக்கிறது. விலை ஆயிரக்கணக்கில். எடை அதிகம், நம் வெயிலில் வியர்த்து வழியும், தழும்பு ஆறும்வரை வைக்கவும் முடியாது. அமெரிக்காவில் பார்பரா டெமரஸ்ட் என்ற பெண் தன் அறுவைக்குப் பிறகு இதே சிக்கலில் மாட்டி, பருத்தி நூலில் பின்னிய மார்பகத்தைத் தெரிந்துகொண்டு, அதை மற்றப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார். இந்தியாவில் 'சாயிஷா இந்தியா' குழுவின் தன்னார்வலர்கள் அதைச் செய்கிறார்கள். உள்ளே அடைக்கும் பஞ்சைக் கூட்டலாம், குறைக்கலாம். அளவு தெரியாமல் அதில் ஒரு சுற்றுகூடப் போட முடியாது. முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் ஊசி.

குறைமாதக் குழந்தையின் தொப்பியும் அப்படித்தான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர்கள் தொடங்கிய கங்காரு பராமரிப்பில், குழந்தை அம்மாவின் வெற்று மார்பில் ஒட்டிக் கிடக்கும், தலையில் ஒரு தொப்பியோடு. பிறந்த குழந்தையின் உடல் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தலை, சூடு அந்த வழியாகப் போய்விடும். கடைத் தொப்பி நிறைமாதக் குழந்தைக்கு, 34, 35 சென்டிமீட்டர் தலைக்குச் செய்தது. ஒரு கிலோ குழந்தையின் தலைச் சுற்றளவு 30க்கும் கீழே. நாங்கள் தொப்பி கொடுக்கும் ஆஸ்பத்திரியின் சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பூ வேணாம், பட்டன் வேணாம், முயல் காது வேணாம்மா. மெத்துன்னு இருக்கணும், துவைச்சா தாங்கணும், கண்ணுல இறங்கக் கூடாது." பூ வைக்க எனக்கு ரொம்ப ஆசை. வைப்பதில்லை. ஒரு தொப்பிக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

அக்கா, நீங்கள் இதைப் படித்தால்: நான் அந்தப் பெண்களை இல்லை என்று அனுப்பவில்லை. அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டவரைத்தான் அனுப்பினேன். அவருக்கு மொத்த விலைக்குப் போர்வை கொடுக்கும் கடையின் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பினேன். கீழே இன்னொரு வரி: "அப்படியே எல்லா பாத்ரூமுக்கும் தாழ்ப்பாளும் வாங்கிடுங்க சார்." இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. அறைப் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு எழுதியிருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பெண் ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் மாடிக்கு வருகிறாள். வரும்போது மனுவின் நகலை மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். கை இன்னும் பழகவில்லை, கண்ணி இறுகிப்போகிறது. போன வாரம் அவள் போட்ட தொப்பியை டேப் வைத்து அளந்தேன். 31 சென்டிமீட்டர். "அவிழ்த்துட்டு மறுபடி போடு" என்றேன். முகம் சுளிக்காமல் அவிழ்த்தாள்.