ஊரிழந்தவர் எழுப்பிய வைத்தியசாலை

ஊரை இழந்து வருவோர் படும் பாட்டைப் புத்தளக் கரையோரத்தில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் கையில் அகப்பட்டவற்றோடு இங்கு வந்திறங்கியதைக் கண்டவர் நம்மிடையே பலர் உளர். அவ்வாறே ஊரிழந்த ஒரு யூதரின் கதையை இவ்வாரம் சொல்லப் புகுகின்றேன்.

டேவிட் சசூன் பக்தாத் நகரத்து வணிகர்; 1792இல் பிறந்தவர். அந்நகரை ஆண்ட தாவூத் பாஷாவின் கொடுமைக்கு அஞ்சிப் பாரசீகக் கரைக்குத் தப்பியோடி, 1830களின் தொடக்கத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். பஞ்சு வியாபாரமும், சீனத்துக்கு அபின் ஏற்றுமதியும் அவரைப் பெருஞ் செல்வராக்கின. அபினை மறைத்துவிட்டு அவர் புகழ் பாட எனக்கு மனம் ஒவ்வவில்லை.

நியூயோர்க்கில் 1855இல் திறக்கப்பெற்ற யூதர் வைத்தியசாலை முதலில் யூத நோயாளருக்காகவே அமைந்தது. பிறரும் நாடி வரவே, 1866இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. சசூனின் கொடையோ தொடக்கத்திலேயே ஊருக்கெல்லாம் உரியதாயிற்று. பூனாவில் யூதர் மிகச் சிலரே. அங்கே அவர் பொருளுதவியால் 1863இல் வைத்தியசாலைக்கு அடிக்கல் நாட்டினர். மறு ஆண்டே அவர் காலமானார். கட்டடமோ 1867இற்றான் முற்றுப்பெற்றது. நோயாளர் ஒருவரேனும் அங்கே குணமடைந்து வீடு திரும்பியதை அவர் கண்டாரில்லை.

இன்று அது ஆயிரத்துக்கு மேற்பட்ட படுக்கைகளைக் கொண்ட அரசாங்க வைத்தியசாலை. அதனோடிணைந்த கல்லூரியில் மாணவர் வைத்தியம் பயில்கின்றனர்.

1924 ஜனவரி 12ஆம் திகதி இரவு அங்கே நிகழ்ந்ததை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். எரவாடாச் சிறையிலிருந்து குடல்வால் அழற்சியோடு காந்தியடிகளைக் கொணர்ந்திருந்தனர். ஆங்கிலேயரான கேணல் மடொக் கத்தியை எடுக்க வேண்டும். நோயாளியோ ஆங்கில அரசின் கைதி. உயிருக்கு ஊறு நேர்ந்தால் நாடு என்ன சொல்லும்? நமது வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அழைக்கப்பட்டார். மடொக்கிடம் தமக்கு முழு நம்பிக்கை உண்டென்ற பத்திரத்தை அவர் எழுத, அடிகள் நடுங்கும் கையாற் பென்சில் கொண்டு ஒப்பமிட்டார். சத்திரசிகிச்சையின் நடுவே மின்விளக்கு அணைந்தது. கைமின்விளக்கும் கைவிட்டது. அரிக்கன் விளக்கின் ஒளியிலே மடொக் தம் பணியை முடித்தார். பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் அடிகளை விடுதலை செய்தது.