மரம் ஏற்றுகிறவர்களே பாதைக்கும் காசு கட்டட்டும்

மலையில் டர்பன்டைன் மரங்கள் சாயத் தொடங்கினால் தோட்டப் பாதையும் சாகத் தொடங்குகிறது. கொழுந்து லொறிக்கும் பஸ்ஸுக்கும் போட்ட பாதையில், கட்டை கட்டையாக அடுக்கிய மர லொறிகள் இரவு பகலாக இறங்குகின்றன. தார் பிளக்கிறது, கான் நொறுங்குகிறது, அடுத்த மழையில் பாதை ஓடையாகிறது. மரம் முடிந்தால் லொறி வராது. அந்தப் பள்ளத்தில் கொழுந்துக் கூடையோடு நடப்பது நாம், புத்தகப் பையோடு நடப்பது நம் பிள்ளைகள். பிள்ளைப்பேற்று வலி வந்தவளை 1990 அம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதும் நாம்தான்.

நிர்வாகத்திடம் கேட்டால், "பஸ் ஓடும் பாதை, பிரதேச சபைக்குப் போங்கள்" என்கிறது. சபையில் கேட்டால், "தோட்டப் பாதை, துரையிடம் கேளுங்கள்" என்கிறார்கள். சபைக்கு முன்பு ஒரு சாட்டு இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. (நம்மிடம் வாக்குக் கேட்க மட்டும் எந்தப் பிரிவும் தடுக்கவில்லை.) 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தச் சாட்டு இனிச் செல்லாது.

அதற்காக முழுச் செலவையும் சபையின் தலையில் கட்டவும் நாம் விடக்கூடாது. சபையின் பணம் மக்கள் பணம். மரம் விற்ற காசு கம்பனிக்கு, பாதைச் செலவு மக்களுக்கு என்றால் இது எந்த ஊர் நியாயம்? நிலம் அரசுடையது, கம்பனி குத்தகைக்காரர் மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம்.

"எல்லா வாகனமும்தானே ஓடுகிறது" என்று மழுப்புவார்கள். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லொறிகளை ஓடவிட்டே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓர் அச்சின் மேல் பாரம் இரு மடங்கானால் பாதைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது. அந்தக் கணக்கில் நம் ஓட்டோக்களின் பங்கு ஒன்றுமே இல்லை.

"மரம் விற்றுத்தான் சம்பளம் கொடுக்கிறோம்" என்பது அடுத்த பாட்டு. மரம் அறுக்கும் கூலியும் லொறி வாடகையும் கழித்துத்தானே லாபம் பார்க்கிறீர்கள்? பாதையையும் அதே கணக்கில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் என்று நம்மைக் கல் சுமக்கக் கூப்பிடாதீர்கள்.

நம் கோரிக்கை இது: முதல் மரம் விழுமுன் பாதை திருத்தும் செலவைக் கம்பனி சபையில் வைப்புப் பணமாகக் கட்ட வேண்டும். வேலை முடிந்து பாதை பழைய நிலைக்கு வந்தால் மிச்சத்தைத் திருப்பி எடுக்கட்டும். லொறிக்கு எடை வரம்பு வேண்டும். அடைமழை நாட்களில் மர லொறி இறங்கக்கூடாது.

தோட்டக் கமிட்டிகள் ஒன்று செய்ய வேண்டும். மரத்துக்கு இலக்கம் அடிக்கத் தொடங்கிய அன்றே பாதையை மேலிருந்து கீழ்வரை கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். லொறி இலக்கத்தையும் நாளையும் கொப்பியில் எழுதுங்கள். நிர்வாகத்துக்கும் சபைத் தவிசாளருக்கும் கடிதம் கொடுத்து, பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.