மீதி ஒன்பது யாருக்கு?

"முதல் சுற்றிலேயே பெரிய ஆளிடம் மாட்டிக்கொண்டாள், பாவம்!" சதுரங்கப் போட்டிக்குப் போய்வரும் நம் மாணவிகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் அனுதாபம் இது. இந்த அனுதாபம் தேவையில்லை என்பதே என் கருத்து.

சுவிஸ் முறைப் போட்டிகளில் பங்குபற்றுவோரைத் தரவரிசைப்படி இரண்டாகப் பிரித்து, மேற்பாதியின் முதலாமவரைக் கீழ்ப்பாதியின் முதலாமவரோடு ஆடவிடுவார்கள். எனவே முதற் சுற்றில் பலமானவரும் பலம் குறைந்தவரும் சந்திப்பது துரதிர்ஷ்டமல்ல. அது போட்டியின் ஒழுங்கு.

அர்பாட் ஈலோ வகுத்த கணக்கின்படி, இருவருக்கிடையே 400 தரப்புள்ளி வித்தியாசம் இருந்தால் 100 ஆட்டங்களில் பலமானவர் சுமார் 91 புள்ளிகள் பெறுவார். நாம் அந்த 91 ஐ மட்டுமே பார்க்கிறோம். மீதி 9 யாருக்கு? எதிரே உட்கார்ந்து ஆடுபவருக்கு. போகாதவருக்கு அதுவும் இல்லை.

2022 பெப்ரவரியில், இணையவழி விரைவுப் போட்டியொன்றில், 16 வயதுச் சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா அன்றைய உலக சம்பியன் மக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களுடன் 39 நகர்வுகளில் வென்றார். இருவருக்கும் இடையே ஏறக்குறைய 250 புள்ளி வித்தியாசம் இருந்தது. உலக சம்பியனும் பிழை விடுவார். அந்தப் பிழையைப் பிடிக்க எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் பாத்திமா. பஞ்சாப் பிரபு உமர் ஹயாத் கானின் வீட்டுப் பணிப்பெண்ணாக இங்கிலாந்து சென்றவர். அதே பிரபுவின் பணியாளரான சுல்தான் கான், 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சம்பியன் கபபிளங்காவைத் தோற்கடித்தவர். 1933 இல் பாத்திமா பிரித்தானியப் பெண்கள் சம்பியன் ஆனார். "வேலைக்காரப் பிள்ளை எங்கே வெல்லப் போகிறது?" என்று அவரை யாரும் தடுத்துவிடவில்லை.

"தோற்கப் போகிற பிள்ளைக்கு பஸ் காசும் ஒருநாள் பாடமும் வீண்தானே?" என்று பெற்றோர் கேட்கலாம். படுதோல்வி சின்னப் பிள்ளையின் மனதை உடைத்துவிடும் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் அந்தப் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. தன் நகர்வுகளையும் எதிராளியின் நகர்வுகளையும் எழுதிய தாளோடு வருகிறாள். மறுநாள் அதை வைத்துப் பலகையில் ஆடிப் பார்த்தால், எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று தெரியும். தன்னைவிடப் பலம் குறைந்தவரை பத்துத் தரம் வென்றாலும் இந்தப் பாடம் கிடைக்காது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. அடுத்த போட்டிக்கு ஐந்து பேரை அனுப்பினால், அதில் இருவராவது இதுவரை ஒரு போட்டியிலும் ஆடாத தங்கைகளாக இருக்கட்டும். அவர்கள் திரும்பி வரும்போது "வென்றாயா?" என்று கேட்பதற்கு முன், "தாளைக் காட்டு" என்று கேட்போம்.